பயணக் கெமராவுடன் எதை வாங்குவது, எதை விடுவது? வாசகர் கேள்வி - பதில்

பயணக் காணொளி எடுக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களிடமிருந்து அண்மைக்காலமாக வரும் கடிதங்களில், எந்தக் கெமராவை வாங்குவது என்ற கேள்வியைவிட, வாங்கிய கெமராவுடன் வேறு என்னென்ன வாங்க வேண்டும் என்ற கேள்வியே கூடுதலாக இருக்கிறது. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஆறு கடிதங்களை இம்முறை சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணா போன மாதம் வந்தபோது சோனி இசட்வி-1 கெமரா ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தைப்பொங்கல் விடுமுறையில் யாழ்தேவி புகையிரதத்தில் யாழ்ப்பாணம் போய்வரும் பயணத்தைப் படம்பிடித்து, அதையே என்னுடைய முதலாவது காணொளியாக வெளியிட எண்ணியிருக்கிறேன். கடையொன்றில் விசாரித்தபோது கையாட்டத்தைச் சமப்படுத்தும் கிம்பல், எல்இடி விளக்கு, ஆறு ஃபில்டர்கள் கொண்ட பெட்டி, உயரமான ட்ரைபொட் என்று பதினொரு பொருட்களைத் தாளில் எழுதித் தந்தார்கள். விலைகளைக் கூட்டிப் பார்த்தால் கெமராவின் விலையை நெருங்குகிறது. இவை எல்லாம் உண்மையிலேயே தேவையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தேவையில்லை. அந்தத் தாளை எறிந்துவிட வேண்டாம். அதிலுள்ள ஒன்றிரண்டு பொருட்கள் ஒரு வருடம் கழித்து உங்களுக்குப் பயன்படக்கூடும். ஆனால் அவற்றை எல்லாம் தைப்பொங்கலுக்கு முன் வாங்கினால் பயணப் பையின் பாரம் கூடுமேயன்றிக் காணொளியின் தரம் கூடாது.

முதலில் ஒலியைக் கவனியுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பார்த்துச் சொல்லும்படி அனுப்பும் காணொளிகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை படத்தில் இல்லை, பேச்சில்தான் இருக்கிறது. படம் சற்று ஆடினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார்; நீங்கள் சொல்வது காற்றின் இரைச்சலில் அமுங்கிப் போனால் அவர் அரை நிமிடம்கூட நிற்க மாட்டார். உங்கள் கெமராவின் மேற்பகுதியில் சிறு துளைகள் கொண்ட தட்டு ஒன்று இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து வரும் குரலைப் பிடிப்பதற்காக அதன் கீழே மூன்று ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. கெமரா வந்த பெட்டிக்குள் மென்மயிர் போர்த்த சிறிய உறை ஒன்றும் இருந்திருக்கும். பலர் அதை என்னவென்று தெரியாமல் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை எடுத்து, கெமராவின் உச்சியிலுள்ள ஹொட் ஷூ என்ற தண்டவாளத்தில் பின்பக்கமிருந்து சொருகிவிடுங்கள். உங்களுக்குத் தேவையான முதலாவது துணைக்கருவி அதுதான். அதற்கு நீங்கள் ஒரு சதமும் செலவழிக்க வேண்டியதில்லை. பெட்டியோடு அது வந்துசேராவிட்டால், வேறு எதையும் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

அந்த உறையின் அருமையை அறிய, ஒரு பின்னேரம் காலி முகத்திடலுக்குப் போங்கள். கடலைப் பின்னணியாக வைத்து உங்களை நீங்களே எடுக்கும்போது உங்கள் முகம் நகரத்தைப் பார்த்திருக்கும். கெமராவோ கடலைப் பார்த்திருக்கும். கடலிலிருந்து வரும் காற்று உங்கள் தோளைக் கடந்து நேராக அந்தத் துளைகளின் மேல் மோதும். இறால் வடைக் கடை ஒன்றின் அருகில் நின்று, உறையுடன் ஒரு நிமிடமும் உறையில்லாமல் ஒரு நிமிடமும் அதே வசனங்களைப் பேசிப் பதிவுசெய்யுங்கள். வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனில் கேட்டால், உறையில்லாத பதிவில் உங்கள் குரலுக்கு மேலாக யாரோ பொலித்தீன் பையைக் கசக்குவது போன்ற சத்தம் கேட்கும். மெனுவில் காற்றொலியைக் குறைக்கும் தெரிவு ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது தாழ்ந்த ஒலிகளை வெட்டுவதால் குரலும் சேர்ந்து மெலிந்துவிடும். உறை இருக்கும்போது அதை நாட வேண்டியதில்லை.

அடுத்தது பெட்டரி. இந்தக் கெமராவில் உள்ள என்பி-பிஎக்ஸ்1 பெட்டரி 1240 மில்லி அம்பியர் மணி கொள்ளளவு உடையது. நிறுத்தி நிறுத்தி, திரையைத் திறந்து மூடி, வழமையாகப் படம்பிடிக்கும்போது ஒரு பெட்டரி ஏறத்தாழ 45 நிமிடப் பதிவுக்குத் தாக்குப்பிடிக்கும். கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ ஆறு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம். ஒரே பெட்டரியுடன் புறப்பட்டால், ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர் விரியும் அந்த அருமையான காட்சி வரும்போது உங்கள் கையில் இருப்பது உயிரற்ற கெமராவாகத்தான் இருக்கும். ஆகவே மேலதிகமாக இரண்டு பெட்டரிகள் வாங்குங்கள். வேறு கம்பனிகள் செய்யும் மலிவான பெட்டரிகளில் நல்லவையும் உண்டு. ஆனால் அதே அளவுள்ள பெட்டரியின் மேல் 2000 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். கடையிலேயே கெமராவுக்குள் போட்டு எடுத்துப் பாருங்கள். உள்ளே போகும்போது சிறிதளவேனும் இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நாளடைவில் அது வீங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடாகிவிடும்.

பெட்டரியுடன் சேர்த்து ஒரு சிறு விடயத்தையும் சொல்ல வேண்டும். இசட்வி-1 கெமராவில் இருப்பது பழைய மைக்ரோ யூஎஸ்பி துளை. 2022-ல் வந்த இசட்வி-1எஃப், 2023-ல் வந்த இசட்வி-1 இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில்தான் யூஎஸ்பி-சி வந்தது. உங்கள் கைத்தொலைபேசியின் வயர் இதற்குப் பொருந்தாமல் போகலாம். எனவே கெமராவின் வயரை மறக்காமல் பையில் வையுங்கள். 10,000 மில்லி அம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று வீட்டில் இருந்தால், இழப்புகள் போக இந்தச் சிறிய பெட்டரியை நான்கைந்து தடவை நிரப்பும். புதிதாக வாங்கத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒரு கைப்பிடி. கைப்பிடியாகவும் கால்களை விரித்தால் மேசை மீது நிற்கும் சிறு ட்ரைபொட்டாகவும் பயன்படக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இசட்வி-1 லென்ஸின் மிக அகன்ற கோணம், பழைய 35 மில்லிமீற்றர் ஃபிலிம் கெமராவில் 24 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் கோணத்துக்குச் சமமானது. கையை நீட்டிப் பிடித்தால் முகமும் தோளும் பின்னால் கொஞ்ச இடமும் தெரியும். நடந்துகொண்டே எடுக்கும்போது ஆட்டத்தைக் குறைக்க ‘அக்டிவ்’ என்ற தெரிவைப் போட்டீர்களானால், கெமரா படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்ளும். அப்போது திரை முழுவதும் உங்கள் முகமே நிறைந்துவிடும், யாழ்ப்பாணம் தெரியாது. கைப்பிடி தருகின்ற அந்த ஒரு சாண் நீளம் இந்தக் குறையை நிறையவே போக்கும். வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கெமராவைப் பூட்டிக் கையை நீட்டி மெல்ல ஆட்டும்போது உருண்டைத் தலை வழுக்கித் தாழக்கூடாது. கைப்பிடியைப் பூட்டிய நிலையில் கெமராவின் அடிப்பக்கத்துக் கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டரியும் மெமரி கார்டும் அந்தக் கதவுக்குள்தான் இருக்கின்றன. பக்கத்திலேயே ட்ரைபொட் திருகும் துளை. அகலமான தட்டுள்ள கைப்பிடி கதவை மறித்துவிடும். பிறகு பெட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும், புகையிரதம் உங்களுக்காகக் காத்திருக்காது.

மெமரி கார்ட் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருப்பதால் கீழே விரிவாகச் சொல்கிறேன். இவற்றுடன், மணிக்கட்டில் மாட்டும் பட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். புகையிரதத்தின் யன்னலருகில் கெமராவைப் பிடிக்கும்போது அந்தப் பட்டி கையில் இல்லாமல் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

இனி, கடைக்காரர் எழுதித் தந்தவை. ஆறு ஃபில்டர்களும் உங்களுக்கு வேண்டாம், ஏனெனில் உங்கள் கெமராவின் லென்ஸில் ஃபில்டரைத் திருகிப் பூட்டும் புரியே கிடையாது. வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று கெமராவுக்குள்ளேயே இருக்கிறது. நண்பகல் வெயிலில் அதைப் போட்டு, லென்ஸ் ஒளியை உள்ளே விடும் துவாரத்தை எஃப்8 அளவில் வைத்தால், ஒவ்வொரு படமும் ஒளி வாங்கும் நேரமான ஷட்டர் வேகம் 1/50 செக்கனுக்கு அண்மையாக வரும். அசைவுகள் இயல்பாகத் தெரிவதற்கு அதுவே போதும். இசட்வி-1எஃப் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அதற்குள் என்டி ஃபில்டர் இல்லை, ஆனால் 40.5 மில்லிமீற்றர் புரி இருக்கிறது. அவர்கள் ஒன்று வாங்குவதில் நியாயம் உண்டு.

எல்இடி விளக்கும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் லென்ஸ் எஃப்1.8 வரை திறக்கும். கடைத்தெருவின் வெளிச்சமே அதற்குத் தாராளம். இரவில் கடை விளக்குகளின் கீழ் படம் துடிப்பது போலத் தெரிந்தால், ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்துங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களில் துடிப்பு மறைந்துவிடும்.

கிம்பல் விடயத்தில் நான் சற்று உறுதியாகவே சொல்வேன்: முதல் ஆறு மாதங்களுக்கு வாங்காதீர்கள். அதைச் சமநிலைப்படுத்தி இயக்க எடுக்கும் நேரத்துக்குள் காட்சி கடந்துபோய்விடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு போன்ற நெரிசலில் அதைத் தூக்கிப் பிடித்தால் மக்கள் வேலையை விட்டுவிட்டு உங்களைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எடுக்க வந்த இயல்பான வாழ்க்கை அந்தக் கணத்திலேயே நின்றுவிடும். முழங்கையை உடலோடு அணைத்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி மெதுவாக நடக்கப் பழகுங்கள். நடக்காமல் நின்று எடுத்த பத்துச் செக்கன் காட்சிகள் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: கெமராவில் பொருத்துவதற்கென்று ஒரு கொலர் மைக் வாங்கினேன். கைத்தொலைபேசியில் நன்றாக வேலை செய்கிறது. கெமராவில் சொருகினால் ஒரு சத்தமும் பதிவாகவில்லை. கெமரா பழுதா, மைக் பழுதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டும் பழுதில்லை. மைக்கின் ப்ளக்கை வெளிச்சத்தில் பிடித்து, உலோகத் தண்டின் குறுக்கே எத்தனை கறுப்பு வளையங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். மூன்று வளையங்கள் இருந்தால் அது கைத்தொலைபேசிக்கான ப்ளக். தண்டு நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வளையங்கள் இருந்தால் மூன்று பகுதிகள், கெமராவுக்குரியது அதுதான். கைத்தொலைபேசிக்கான ப்ளக்கில் முதலிரண்டு பகுதிகள் ஹெட்ஃபோனுக்கு ஒதுக்கப்பட்டவை. மைக்கின் ஒலி அடிப்பாகத்தில் உள்ள கடைசிப் பகுதிக்குத்தான் வருகிறது. கெமராவோ ஒலியை நுனியில் தேடுகிறது. நுனியில் எதுவும் இல்லாததால் மௌனம் பதிவாகிறது. நான்கு பகுதி ப்ளக்கைச் சொருகும் துளையும் மூன்று பகுதி ப்ளக்கும் கொண்ட மாற்றி ஒன்று வாங்கினால் உங்கள் மைக்கே வேலை செய்யும். இதற்கு நேர்மாறான மாற்றியும் பார்வைக்கு ஒரே மாதிரியாகவே இருக்கும் என்பதால், கெமராவையும் மைக்கையும் கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே பதிவுசெய்து கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், செட்டியார் தெருவில் கழிந்த தன்னுடைய சிறுபராயத்தைப் பற்றி என் அம்மம்மா பேசுவதைப் பதிவுசெய்ய விரும்பி, புதிய கொலர் மைக் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். கெமராவுக்குப் பொருந்தும் என்று கடையில் உறுதியாகச் சொன்னார்கள். நானும் வளையங்களை எண்ணவில்லை. ஆடிவேல் தேர் வரும் நாளில் தெருவில் தண்ணீர் தெளிப்பது, நகைக்கடைகளின் பழைய மரக்கதவுகள் என்று அவர் நாற்பது நிமிடங்கள் பேசினார். அவ்வளவு நேரமும் திரையில் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; ஓரத்தில் இருந்த ஒலிமானி அசையவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தபோது அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. மறுபடி ஒருநாள் போய்க் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அவருக்குப் பேச்சு தடுமாறத் தொடங்கிவிட்டது. அந்தக் கோப்பை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எனவே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இந்த வகைச் சிறிய கெமராக்கள் பலவற்றில் ஹெட்ஃபோன் மாட்டும் துளை இல்லை. படம் எடுக்கும்போதே ஒலியைக் கேட்க முடியாது. ஒவ்வோர் இடத்திலும் முதலில் பத்துச் செக்கன் பேசிப் பதிவுசெய்து, அதை இயக்கிக் கேட்டுவிட்டுத்தான் உண்மையான பதிவைத் தொடங்க வேண்டும். பேசும்போது திரையிலுள்ள ஒலிமானி உச்சத்தைத் தொடாமல், அதற்குக் கொஞ்சம் கீழே ஏறி இறங்க வேண்டும். உச்சத்தில் முட்டிச் சிதைந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க முடியாது.

கொலர் மைக் தேர்ந்தெடுத்ததைப் பற்றி நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே அதன் விலையைவிட முக்கியமானது. தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கை வந்தடையும் குரல் இரண்டு மடங்கு வலுவாகும். சுற்றியுள்ள பஸ் ஹோர்ன் அப்படியே இருக்கும். மலிவான மைக்கைச் சட்டைப் பொத்தானுக்கு அருகில் குத்திக்கொண்டு புறக்கோட்டையில் பேசினால் கிடைக்கும் தெளிவு, கெமராவின் மேல் வைத்த விலையுயர்ந்த மைக்கில் கிடைக்காது. வயர் இல்லாத மைக் வாங்கக்கூடிய வசதி வந்தால் வாங்கலாம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை, மனித உடல் அந்த அலையை மறிக்கும். கெமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தால் பேச்சு அங்கங்கே அறுந்துபோகும்.

கேள்வி: மெமரி கார்டின் மேல் இருக்கும் எழுத்துகளும் எண்களும் குழப்புகின்றன. ஒரே 64 ஜிபி கார்ட் ஒரு கடையில் மலிவாகவும் இன்னொரு கடையில் இரண்டு மடங்கு விலையாகவும் இருக்கிறது. எதை நம்புவது?
– மாணவர், தெமட்டகொடை

பதில்: கார்டின் மேல் மிகப் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 170, 200 போன்ற எண்கள் அதிலிருந்து தரவை வாசிக்கும் வேகத்தையே பெரும்பாலும் குறிக்கின்றன. கணினிக்குப் பிரதி எடுக்கும்போது அது உதவும், படம்பிடிக்கும்போது உதவாது. நீங்கள் பார்க்க வேண்டியது மூலையில் சிறிதாக இருக்கும் வி30 என்ற குறி, அல்லது ஆங்கில ‘யூ’ வடிவக் கிண்ணத்துக்குள் இருக்கும் 3 என்ற எண். இரண்டுமே, செக்கனுக்கு ஆகக் குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதும் என்ற உறுதியைத் தருகின்றன. 4கே காணொளியைச் செக்கனுக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால் கெமரா எழுதுவது செக்கனுக்கு 12.5 மெகாபைட்தான், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே வி30 தாராளமாகப் போதும். முதலில் எழுதிய வாசகியின் சோனி கெமரா, அந்தத் தரத்தில் பதிவுசெய்ய யூ3 குறியுள்ள கார்டைக் கேட்கும்.

கார்டைத் திருப்பிப் பாருங்கள். பொன்னிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையாக இருந்தால் அது யூஎச்எஸ்-1 வகை. அதற்குக் கீழே இன்னொரு வரிசையும் இருந்தால் யூஎச்எஸ்-2. விலை மிகக் கூடுதல். இசட்வி-1 போன்ற கெமராக்களின் துளையில் அந்த இரண்டாவது வரிசையைத் தொடுவதற்கு எதுவும் இல்லை. கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்தான்.

100 மெகாபிட் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி செலவாகும். 64 ஜிபி கார்டில் ஒரு மணித்தியாலமும் இருபத்தைந்து நிமிடமும் அடங்கும். ஒரே 128 ஜிபி கார்டைவிட இரண்டு 64 ஜிபி கார்டுகளே நல்லவை என்பது என் கருத்து. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று மாற்றிப் போட்டு, நிரம்பியதைக் கெமராப் பையில் வைக்காமல் உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், பையே தொலைந்தாலும் பாதிப் பயணம் மிஞ்சும்.

விலை வித்தியாசத்துக்கு வருகிறேன். மலிவானது எல்லாம் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் போலி கார்டுகள் தாராளமாகப் புழங்குகின்றன. உள்ளே 8 ஜிபி மட்டுமே கொண்ட கார்டை, கணினியும் கெமராவும் 64 என்று நம்பும்படி மாற்றி எழுதிவிடுகிறார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதன் பிறகு எழுதப்படுபவை பழையவற்றின் மேலேயே விழும், அல்லது எங்குமே பதியாமல் போகும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. கடையில் இரண்டு படம் எடுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றே கார்டைக் கணினியில் போட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் நிரப்பி வாசித்துச் சரிபாருங்கள். கணினி இல்லாவிட்டால் கெமராவையே சார்ஜரில் செருகி, கார்ட் நிரம்பும்வரை அறையைப் படம்பிடித்து, கடைசிக் காட்சியையும் நடுவிலுள்ள காட்சிகளையும் இயக்கிப் பாருங்கள். பிறகு கார்டைக் கெமராவின் மெனுவிலேயே ஃபோர்மெட் செய்துவிட்டுப் பயணத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 இருக்கிறது. மைக் சொருகும் துளை உண்டு, ஆனால் மைக்கை எங்கே பூட்டுவது என்றே தெரியவில்லை.
– வாசகர், தெஹிவளை

பதில்: 2019-ல் வந்த அந்தக் கெமராவில் ஹொட் ஷூ இல்லை. கெமராவின் அடியில் திருகி, பக்கவாட்டில் மேலெழும் ‘எல்’ வடிவச் சட்டம் ஒன்று வாங்கினால் அதன் உச்சியில் மைக்கைப் பூட்டலாம். ஆனால் அந்தக் கெமராவின் திரை மேல்நோக்கித் திரும்புவது என்பதால், மைக் கெமராவின் தலைக்கு நேர்மேலே வரும் சட்டத்தை வாங்காதீர்கள், திரை மறைந்துவிடும். கொலர் மைக்குடன் சமாளிக்க முடியுமானால் சட்டமே வேண்டாம்.

கேள்வி: அடுத்த மாதம் சென்னைக்குப் பறக்கிறோம். மேலதிக பெட்டரிகளையும் பவர் பேங்கையும் பெரிய பெட்டியில் வைக்கலாமா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: வைக்கக் கூடாது. கெமராவுக்குள் இல்லாத லித்தியம் பெட்டரிகளும் பவர் பேங்க்களும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கறையில் ஒன்று தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாது, இருக்கைக்கு அருகில் என்றால் பணியாளர்களால் உடனே அணைக்க முடியும். 100 வாட் மணி வரை பொதுவாகத் தடையில்லை; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளியது. மில்லி அம்பியர் மணியை ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள்; 20,000 என்று எழுதிய பவர் பேங்க் 74 வாட் மணி. கொள்ளளவு அச்சிடப்படாத அல்லது எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துவிடக்கூடும். ஒவ்வொரு பெட்டரியின் உலோக முனைகள் மீதும் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். கைப்பையில் சாவிக்கொத்தோடு உரசினால் ஆபத்து.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறோம். அலுமாரியில் தோலுறைக்குள் பத்திரமாக வைத்திருந்த கெமராவின் லென்ஸில் சிலந்தி வலை போன்ற ஒன்று படர்ந்திருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை.
– வாசகர், முகத்துவாரம்

பதில்: அது பூஞ்சணம். லென்ஸின் உட்பக்கத்தில் படர்ந்திருப்பதால்தான் துடைத்தும் போகவில்லை. அனுபவமுள்ள திருத்துநரிடம் விரைவில் கொடுங்கள். நாட்பட்டால் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். வீட்டில் கழற்ற முயல வேண்டாம். திருத்தும் செலவு கெமராவின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் திருத்தாமல் விடுவதே நல்லது.

நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன்; பத்திரப்படுத்திய இடம்தான் பிழை. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அலுமாரிக்குள் இருட்டு, காற்றோட்டமும் இல்லை. கொழும்பின் காற்றில் ஈரப்பதன் வருடத்தின் பெரும்பகுதியில் 70 சதவீதத்துக்கு மேல். பூஞ்சணம் வளர அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. விலையுயர்ந்த மின்சார உலர்பெட்டி வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், மூடியில் இறப்பர் வளையமுள்ள உணவுப் பெட்டி ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நூறு கிராமும், சிறிய ஈரப்பதன்மானி ஒன்றும் அதே வேலையைச் செய்யும். மானி 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் சிலிக்கா ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். அதீத உலர்வு இறப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. மணிகளின் நிறம் மாறியதும் அவன் அடுப்பில் 120 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். அரிசிக்குள் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசி உறிஞ்சும் ஈரம் சொற்பம், அதன் தவிடு கெமராவுக்குள் போய்விடும்.

இனிமேல், உப்புக் காற்றில் படம் எடுத்து முடித்தவுடன் கெமராவை அணைக்காதீர்கள். இந்த வகைக் கெமராக்களில் அணைத்தவுடன் லென்ஸ் குழாய் உள்ளே இழுபடும். அதன் மேல் படிந்த உப்பும் மணலும் சேர்ந்து உள்ளே போகும். லென்ஸ் வெளியே நீண்டிருக்கும்போதே ஊதுபந்தால் மணலை ஊதி, சற்றே ஈரமான மெல்லிய துணியால் குழாயைச் சுற்றித் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி, அதன் பிறகு அணையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ வெளியே வரும்போது, கெமராவை ஸிப் பூட்டுள்ள பொலித்தீன் பைக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டு வாருங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் வியர்த்து நிற்கும்; அரை மணித்தியாலத்தில் கெமரா வெளிச்சூட்டுக்கு வந்ததும் பையைத் திறக்கலாம்.